தாத்தாவின் சாலை வரைபடம்: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "லாரி ஓட்டிய தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அரசு அச்சிட்ட சாலை வரைபடம் ஒன்று கிடைத்தது. மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்று இருக்கிறது. தருமபுரி மாவட்டம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. அச்சிட்ட ஆண்டு இருக்க வேண்டிய மூலை கிழிந்துவிட்டது. இது எந்தக் காலத்தது? லேமினேட் செய்து வைக்கலாமா?"

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகும் பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

வயதுக்கான விடை உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. இடையில் மூன்றேகால் வருடம்தான், உங்கள் தாள் அதற்குள் வருகிறது. இதில் முதல் தேதி கெட்டியானது, பிறக்காத மாவட்டத்தை யாரும் வரைய மாட்டார்கள். இரண்டாவது கொஞ்சம் இளகும். பெயர் மாறிய பிறகும் பழைய அச்சுத் தகட்டிலேயே சில காலம் ஓட்டுவது உண்டு.

நம் பக்கத்து வரைபடங்களுக்கு இப்படி நல்ல அடையாளங்கள் நிறைய. ஓசூருக்கு அப்பால் மைசூர் மாநிலம் என்று இருந்தால் 1973 நவம்பருக்கு முந்தையது. ஊத்தங்கரைக்குக் கிழக்கே வட ஆற்காடு முழுசாக இருந்தால், அந்த மாவட்டம் இரண்டான 1989-க்கு முந்தையது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக வருவது 2004-க்குப் பிறகுதான்.

தேசிய நெடுஞ்சாலை எண்ணில் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் தாளில் 7 என்று இருக்கும் சாலைதான் 2010-இல் எண்களை மாற்றியபின் 44 ஆனது. கிருஷ்ணகிரி - புதுச்சேரி சாலை பழைய கணக்கில் 66. இன்றைய 66 மேற்குக் கடற்கரையில் ஓடுகிறது! பழைய வரைபடத்தையும் புதுப் பலகையையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று. மடிப்புகள் நான்கும் கூடும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதன் ஓரத்தில் கிருஷ்ணகிரி. அந்த ஊரைச் சுற்றி மட்டும் காகிதம் பழுப்பேறி வழவழப்பாகக் கிடக்கிறது, விரல் வைத்து வைத்துத் தேய்ந்த தடம். பக்கத்தில் பென்சிலில் ஏதோ கணக்கு, டீசலாக இருக்கலாம். ரப்பரால் அழித்துவிடாதீர்கள். வியாபாரி அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார், சொல்லட்டும்.

பராமரிப்பு சுலபம். முதலில் பகல் வெளிச்சத்தில் நல்ல போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு தாளை விரித்து, அமிலமற்ற காகிதங்களுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். பிவிசி குழாயில் சுருட்டி வைப்பது, ஈரச் சுவரை ஒட்டிய பரணில் போடுவது இரண்டும் கூடாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருடங்களில் பசை பழுத்துக் கறையாகும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே விடுங்கள். போஸ்டர் ஒட்டுகிற மாதிரி மைதாவில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் அந்தத் தாமிரமே காகிதத்தை மொரமொரப்பாக்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி, அதையும் பழகிய கை செய்யட்டும்.

சேகரிக்கும் ஆசை வந்துவிட்டதென்றால் பழைய பேப்பர் கடைக்காரரிடமும், தாத்தாவோடு லாரி ஓட்டியவர்களின் வீடுகளிலும் சொல்லி வையுங்கள். அடுத்து தேட வேண்டியது, ஓசூர் வரை சேலம் மாவட்டமாகவே நீளும் 1965-க்கு முந்தைய தாள். அதைவிட அரிது, தருமபுரியிலிருந்து ஓசூருக்குக் குறுகிய அகல (நேரோ கேஜ்) ரயில் பாதை காட்டுவது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அப்படி ஒன்று கிடைத்தால், விலை பேசும் முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.