கோப்பு முறைமை உருவாக்கும் கருவியின் வட்டு ஒதுக்கீட்டுத் தெரிவுகளைத் தமிழ்க் கையேட்டில் எப்படி விளக்குவது?

லினக்ஸில் வட்டைக் கோப்புகள் வைக்கத் தயார்செய்யும் எம்கேஇ2எஃப்எஸ் (mke2fs) கருவிக்குக் கையேடு எழுதுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெயர், கொடுக்கும் மதிப்பு, இயல்புநிலை என்று மூன்று நிரல் போட்டு அட்டவணை எழுதுவீர்கள். நான்காவதாக ‘பிறகு மாற்றலாமா?’ என்று ஒரு நிரலையும் கட்டாயம் சேருங்கள். வாசிப்பவருக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

கிளிநொச்சியில் பழைய படங்களையும் காணிப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைக்கும் சின்ன நிலையமொன்றில் வட்டுகளைக் கவனிப்பது என் வேலை. இடம்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, மிஞ்சிய ஒரேயொரு பிரதியைக் கொண்டுவந்து தருகிற சனங்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தத் தெரிவுகளை நான் எழுதித்தான் கொடுப்பேன்.

அதிக இடம் கொடுத்து விளக்க வேண்டியது சிறிய ‘ஐ’ (-i) தெரிவை. எத்தனை பைட்டுக்கு ஓர் ஐநோட் என்று சொல்வது அது. ஐநோட் என்பது ஒரு கோப்பின் விவரங்களைப் பதிந்து வைக்கும் இடம், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும். இந்தக் கருவி உருவாக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வழக்கமான மதிப்பு 16384, புளொக்கின், அதாவது கோப்புக்கு இடம் ஒதுக்கும் மிகச்சிறிய அலகின், அளவு 4096 பைட். இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது, சேர்த்துக் காட்டுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களின் 3 கேபி சிறுபடங்களால் ஒரு வட்டை நிரப்புகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு படமும் ஒரு புளொக்கையும் ஓர் ஐநோட்டையும் எடுக்கும். வட்டில் கால்வாசி நிரம்பும்போதே ஐநோட் எல்லாம் தீர்ந்துவிடும். வட்டில் மீதி இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ (df) கட்டளை முக்கால்வாசி காலி என்று காட்டும், ஆனால் கோப்பைச் சேமித்தால் இடமில்லை என்று பிழை வரும். காணி வெறுமையாகக் கிடக்க, பேமிற் புத்தகம் முடிந்துபோன நிலைதான் இது. ‘டிஎஃப்’ உடன் ‘ஐ’ சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். அந்த வரியையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

இனி மறுபக்கம். பெரியவர்கள் கதை சொல்லும் காணொளிகளை மட்டும் வைக்கும் 1 டெராபைட் வட்டுக்கும் அதே மதிப்பை விட்டால் சுமார் 6 கோடி ஐநோட்கள் உருவாகும். ஒன்று 256 பைட் என்பதால் ஐநோட் அட்டவணைக்கே 15 ஜிபிக்கு மேல் போய்விடும். பெரிய ‘டி’ (-T) தெரிவில் ‘லார்ஜ்ஃபைல்’ என்று கொடுத்தால் 1 எம்பிக்கு ஓர் ஐநோட்தான். ஒருமுறை உருவாக்கியபின் இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. கோப்பு முறைமையைப் பெரிதாக்கினாலும் அதே விகிதம்தான் தொடரும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

‘எம்’ (-m) தெரிவுக்கு இவ்வளவு தேவையில்லை. ரூட் பயனருக்கென, அதாவது கணினியின் நிர்வாகிக்கென, வழக்கமாக 5 சதவீதம் ஒதுக்கும், பிறகு டியூன்2எஃப்எஸ் (tune2fs) கருவியைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டே வரி போதும்.

இயல்புநிலை மதிப்பை எழுதும்போது, அது எம்கேஇ2எஃப்எஸ்.கான்ஃப் (mke2fs.conf) என்ற அமைப்புக் கோப்பிலிருந்து வருவதையும் சொல்லுங்கள். வாசகரின் கணினியில் அது வேறாக இருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற வேறொரு கோப்பு முறைமையின் பகுதிக்கு இந்த விளக்கத்தை அப்படியே பிரதி பண்ணவும் கூடாது. அங்கே ஐநோட்கள் தேவைப்படும்போதுதான் உருவாகின்றன, உச்சவரம்பு மட்டும்தான் முன்கூட்டியே குறிக்கப்படும்.

அப்புறம், சிறிய ‘என்’ (-n), பெரிய ‘என்’ (-N) தெரிவுகள் இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வையுங்கள். பெரியது ஐநோட்களின் எண்ணிக்கையை நேரடியாகக் கொடுப்பதற்கு. சிறியது எதையும் எழுதாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். பழகுகிறவர்களுக்கு எல்லா உதாரணங்களையும் சிறிய ‘என்’ போட்டே எழுதிக் கொடுங்கள், வட்டில் உள்ளது அழியாது.

சிறிய ‘என்’னுக்கு இன்னொரு பயனும் உண்டு. மாரியில் இடி மின்னலோடு கரண்ட் போய், கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் முதல் சூப்பர்புளொக் கெட்டுவிட்டால், அதன் காப்புப் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று அது சொல்லும். ஆனால் உருவாக்கியபோது கொடுத்த அதே தெரிவுகளைத் திரும்பவும் கொடுத்தால்தான் சரியான இடம் வரும். அதனால் நாங்கள் கட்டளை வரியை முழுதாகத் தாளில் எழுதி வட்டின் உறையில் ஒட்டிவிடுகிறோம். உங்கள் கையேட்டிலும் அதற்கு ஒரு வெற்றுக் கட்டம் அச்சிட்டுக் கொடுங்கள்.