தராசில் ஏறாத சாமானுக்கு விலை பேசாதீர்கள்

கேள்வி: என் மாமனாரும் மாமியாரும் நாற்பது வருஷமாகக் குடியிருந்த வாடகை வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. மாமனார் முன்பே போய்விட்டார். மாமியார் தை மாதம் காலமானார். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். ஸ்டீல் பீரோ, இரும்புக் கட்டில், ஓடாத ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, பழுதான தண்ணீர் மோட்டார், பித்தளை அண்டா, குடம், கால் தையல் மிஷின், கிழிந்த சோபா, மூன்று மெத்தைகள், மூட்டை மூட்டையாகப் பழைய பத்திரிகைகள் என்று மாடி வீடு முழுக்கச் சாமான். காயலான் கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலாயிரம் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், சோபா மெத்தையைத் தூக்கிப் போட நாங்கள்தான் மூவாயிரம் தர வேண்டும் என்கிறார். "யாருக்காவது கொடுத்து விடு" என்கிறார் கணவர். எது நியாயமான விலை?
(பெயர் வேண்டாம், சென்னை-21)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நாற்பது வருஷம் ஒருவர் புழங்கிய சாமானை முன்னால் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினால் போதும் என்றுதான் இருக்கும். உங்கள் கணவர் அப்படிச் சொல்வதும் அதனால்தான் இருக்கும், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் நாலாயிரத்துக்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஸ்டீல் பீரோ எண்பது கிலோ, கட்டில் முப்பது கிலோ என்று வையுங்கள். இரும்பு கிலோ 25 ரூபாய் என்று குறைத்தே பிடித்தாலும் இரண்டுக்கும் 2,750 ரூபாய் வந்துவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி பெரியதாக இருந்தால் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. "செத்த பேட்டரிக்கா" என்பார்கள். பேட்டரி செத்துப் போகும், உள்ளே இருக்கும் ஈயம் அப்படியேதான் இருக்கும், எடையில் பாதிக்கு மேல் அதுதான். கிலோ 70 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் 3,500. ஆக, மூன்றே மூன்று சாமானில் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டோம். அண்டா, குடம், மோட்டார், ஃபிரிட்ஜ், தையல் மிஷின், பேப்பர் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அன்றன்றைய விலை ஏறும், இறங்கும். நாலைந்து ரூபாய் முன்னே பின்னே இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

'மொத்தமா' என்ற வார்த்தையில்தான் பணம் போகிறது. அப்படிப் பேசும்போது இரும்பு விலைக்குள் பித்தளையும் செம்பும் ஈயமும் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. செம்பு இரும்பைப்போல் இருபது மடங்குக்கு மேல் விலை போகும். பித்தளை பத்து மடங்குக்கு மேல். அலுமினியம் நாலைந்து மடங்கு.

ராயபுரத்தில் என் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். பழைய தண்ணீர் மோட்டார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மற்ற இரும்போடு சேர்த்து எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். மறந்து வைத்த பை ஒன்றுக்காக அரை மணி நேரம் கழித்து அதே கடைக்குப் போனேன். கடைப் பையன் அந்த மோட்டாரைக் கீழே வைத்துச் சுத்தியலால் மேல்கூட்டை உடைத்து, உளியால் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்திலிருந்து குறடால் கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டிருந்தான். பழுப்பேறிய அரக்குப் பூச்சு. வெட்டிய முனையில் மட்டும் புதுக்காசு மாதிரிச் செக்கச் செவேலென்று செம்பு. நான் பார்ப்பதைப் பார்த்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மோட்டாரை இரும்பு என்று சொல்லிக் கொடுத்தது நான்தானே.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு காந்தத்தோடு அந்த வீட்டுக்குப் போங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் போதும். ஒட்டுவதெல்லாம் இரும்பு, தகரம். மோட்டார் மட்டும் விதிவிலக்கு, காந்தம் ஒட்டினாலும் உள்ளே செம்பு இருக்கும், அதைத் தனியாக வையுங்கள். ஒட்டாததை எல்லாம் தனியாக ஒரு மூலையில் சேருங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், நல்ல எவர்சில்வர் எல்லாம் அந்தக் குவியலுக்கு வந்துவிடும். குளியலறைக் குழாய்களை மறக்காதீர்கள். வெள்ளையாகப் பளபளக்கும் பழைய குழாய்கள் பல உள்ளே பித்தளை. அடிப்பக்கம் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் பித்தளைதான். ஆனால் சுவரில் இருப்பதைக் கழற்றுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் மாமனார் வாங்கிப் போட்டது என்றால் உங்களுடையது, இல்லையென்றால் வீட்டுக்காரருடையது. மோட்டாரும் அப்படித்தான்.

பித்தளை அண்டாவையும் குடத்தையும் காயலான் கடைக்கே அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே போனால் அது உருகப் போகிற உலோகம், அவ்வளவுதான். பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சவுக்கார்பேட்டைப் பக்கம் பாத்திரக் கடைகளில் பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் தருவார்கள். உறவில் யாராவது கேட்டால் அவர்களுக்கே கொடுங்கள். வெள்ளீயம் பூசிவிட்டால் இன்னொரு தலைமுறைக்குப் புழங்கும்.

தையல் மிஷினும் அதே கதைதான். கால் மிஷினைத் தட்டி எடைக்குப் போட்டால் வார்ப்பிரும்பு விலை. ஓடுகிற மிஷினாகக் கொடுத்தால் நல்ல விலை. எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவிலேயே பிளவுஸ் தைக்கும் பெண் யாராவது இருப்பார், அவரிடம் முதலில் கேளுங்கள்.

பேட்டரியைத் தெருவில் போகிறவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ புது பேட்டரி வாங்க வேண்டியிருந்தால், கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு எடை போடுகிறேன் என்றால் விடாதீர்கள். எடையும் குறையும், கீழ்வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஈயம் கலந்த ஆசிட்டும் ஓடும். ஃபிரிட்ஜையும் வாசலில் வைத்து உடைக்க விடாதீர்கள். கம்ப்ரஸர் குழாயை அறுத்தால் உள்ளே இருக்கும் வாயு அப்படியே வெளியேறும். புது ஃபிரிட்ஜ் வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதுதான் நல்லது.

சரி, எடைக்கு வருவோம். விலையை உயர்த்திச் சொல்லி எடையில் குறைப்பது பழைய பழக்கம். கொக்கித் தராசில் மூட்டையை மாட்டிவிட்டு அடியில் முட்டியைக் கொடுப்பார்கள். முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிட்டு இறக்கிவிடுவார்கள். கொக்கித் தராசு வேண்டாம், டிஜிட்டல் தராசு கொண்டு வாருங்கள் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். அதையும் சோதிக்கலாம். வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதல்லவா? இன்னும் பிரிக்காத கேன் ஒன்றை முதலில் தராசில் ஏற்றுங்கள். தண்ணீர் இருபது கிலோ, கேனின் எடை அதற்கு மேல் கொஞ்சம். தராசு பதினெட்டு என்று காட்டினால் வேறு தராசு கேட்க வேண்டியதுதான். கோபமாகப் பேச வேண்டாம். "அண்ணே, கேனை ஒரு தடவை வச்சுப் பார்த்துக்கறேன்" என்றால் போதும். நேர்மையான ஆள் சிரித்துக்கொண்டே நகர்ந்து நிற்பார். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும், அது தொழிலாளர் துறையின் வேலை.

ஒவ்வொரு எடையையும் ஒரு நோட்டில் நீங்களே எழுதுங்கள். அவர் எழுதுவது அவர் கணக்கு. இறக்குக் கூலியையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மாடி வீடு என்பதால் இது முக்கியம். எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, "ரெண்டு ஆளுக்குக் கூலி கழிச்சுக்கலாம்கா" என்று ஆரம்பித்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் சந்துக்குள் குட்டியானை லோடு வண்டி வராதென்றால் மூன்று சக்கர மீன்பாடி வண்டிதான் வர வேண்டியிருக்கும், அந்த வாடகை யாருடையது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கடை விலையை விடத் தெருவில் வருபவர் குறைத்துத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். அவர் வெயிலில் வண்டி தள்ளி வந்து, மாடியேறித் தூக்கி, கடையில் போட்டு, கடைக்காரர் கிடங்கில் போட்டு, அது கும்மிடிப்பூண்டிப் பக்கம் உலைக்குப் போகிறது. இரும்பில் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் என்பது அவருடைய அன்றைய சோறு. அதற்கு மல்லுக்கு நிற்காதீர்கள். காலையில் மூன்று கடைகளில் இரும்பு, பித்தளை, அலுமினியம், பேப்பர் என்று தனித்தனியாக விலை கேட்டு வையுங்கள். அந்த விலையிலிருந்து இவ்வளவு குறைத்துத்தான் அவர் கேட்கிறார் என்றால் அதுதான் நியாயமான விலை. இரும்பு விலைக்குச் செம்பைக் கொண்டுபோவது வேறு விஷயம்.

இப்போது சோபாவும் மெத்தையும். மெத்தை இலவம்பஞ்சு என்றால் தூக்கிப்போடாதீர்கள், பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து அடித்தால் புது மெத்தை, தலையணைக்கு ஆகும். ஸ்பாஞ்ச் மெத்தையும் கிழிந்த சோபாவும் யாருக்கும் ஆகாது, அவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூவாயிரம் கேட்டவரிடம், "எங்கே கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது. இருட்டியதும் அது பக்கிங்ஹாம் கால்வாயிலோ கேப்டன் காட்டன் கால்வாயிலோ விழ வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களுக்கு அந்தக் கால்வாய்களை எது அடைக்கிறது என்று நன்றாகத் தெரியும். காசும் கொடுத்து நம் ஊரையே மூழ்கடிக்க வேண்டுமா? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பழைய சோபா, மெத்தை, மரச்சாமான், துணி போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே அழையுங்கள். ஒரு சனிக்கிழமை தவறினாலும் இன்னொன்று கையில் இருக்கும். அவர்கள் வரும்போது சாமான் கீழே தெருவோரம் இருந்தால் சுலபம், அந்த ஒரு இறக்குக்கு மட்டும் இரண்டு ஆள் கூலி கொடுங்கள்.

பத்திரிகை மூட்டைகளைப் பிரிக்காமல் எடைக்குப் போடவே போடாதீர்கள். அந்தக் கால மனிதர்கள் காப்பீட்டுப் பத்திரம், வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பேப்பருக்குள்தான் மடித்து வைப்பார்கள். ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். நாளிதழ்கள் எடைக்குப் போகட்டும். மாமனார் வாரப் பத்திரிகைகளை வருஷ வாரியாகக் கட்டி வைத்திருந்தாலோ, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய இதழ்கள் இருந்தாலோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கிறவர்கள். மற்றப் புத்தகங்களை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் புத்தகக் கடைகளில் காட்டலாம். 1985-இல் பழைய கட்டடம் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகள் அவை. கிலோ விலையை விடக் கூடவே கிடைக்கும்.

கடைசியாகப் பீரோ. நான் மேலே எடைக் கணக்கு போட்டது உங்கள் நாலாயிரத்தோடு ஒப்பிடத்தான். கதவு சரியாக மூடி, பூட்டு வேலை செய்தால் அதை எடைக்குப் போடாதீர்கள், பழைய சாமான் வாங்கி விற்கும் கடையில் பீரோவாகவே எடுப்பார்கள். சாவி இல்லாத பீரோவைத் தகரமாகத்தான் மதிப்பார்கள். அதனால் சாவியைத் தேடி எடுங்கள், மாமியாரின் அஞ்சறைப் பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். கொடுப்பதற்கு முன் லாக்கரைத் திறந்து, உள்ளே விரித்திருக்கும் பேப்பரைத் தூக்கி, அடித்தட்டு முழுக்கக் கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். அதை மட்டும் நீங்களோ உங்கள் கணவரோதான் செய்ய வேண்டும், கூலியாளிடம் விடாதீர்கள்.