பழைய லேத்தில் பார்ட்டிங் போடும்போது (வேலைத்துண்டை வெட்டிப் பிரிக்கும்போது) டூல் அதிர்கிறது, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியும் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. கிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டையை) எவ்வளவு இறுக்கலாம்?

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி ஆட்டம். கைப்பிடி சும்மா சுற்றுவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம், அதாவது பேக்லாஷ். கிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. கோவையில் ஒரு பட்டறையில் ஹெல்பராக இருந்தபோது அப்படித்தான் கிப்பை இறுக்கினேன். ஸ்லைடு நகரவே இல்லை. மேஸ்திரி கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு, இதுக்கு நட்டை மாத்தணும், இதை எதுக்குக் கழுத்தை நெரிச்சே?" என்றார்.

இன்னொன்று ஸ்லைடே ஆடுவது, அதுதான் கிப் ஆட்டம்; அதைப் பார்க்க டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டவ்டெயில் (ஸ்லைடு பொருந்தி ஓடும் சாய்வான காடி) இடுக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டூல் போஸ்ட்டைப் பிடித்து, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக் பக்கமும் அதற்கு எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கமும் ஆட்டுங்கள். எண்ணெய் உள்ளே போய்ப் போய் வெளியே வந்தால் ஸ்லைடு லூஸ்.

இறுக்கும் முன் கிப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள். பாதி நேரம் அதில் ஒட்டிய இரும்புத்தூள்தான் குற்றவாளி. டேப்பர் கிப் (ஒரு முனை மெலிந்தது) என்றால் மெல்லிய முனை ஸ்க்ரூவைத் தளர்த்தி, தடித்த முனை ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பிவிட்டு, மெல்லிய முனையைத் திரும்ப முட்டவிட வேண்டும். நேர் கிப் என்றால் வரிசையாக இருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக வைத்து, லாக் நட்டை இறுக்கும்போது ஆலன் கீயால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அதுவும் கூடவே சுற்றி, செட்டிங் போய்விடும்.

எந்த இடத்தில் வைத்து இறுக்குகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அதிகம் ஓடும் இடத்தில்தான் ஸ்லைடு தேய்ந்திருக்கும். அங்கே சரியாக வைத்தால் தேயாத ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். எனவே முழுத் தூரமும் ஓட்டிப் பார்த்து, எங்கே கனமாக இருக்கிறதோ அங்கே வையுங்கள். தேய்ந்த இடத்தில் மிச்சமிருக்கும் ஆட்டத்துக்கு ஸ்க்ரேப்பிங்தான் (பரப்பைக் கையால் சுரண்டிச் சமன் செய்வது) வழி.

அப்புறம், கிரீஸ் வேண்டாம். தூளைப் பிடித்துவைத்து அரைக்கும். 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் போதும். ஏர் கன்னும் வேண்டாம், தூளை இடுக்குக்குள் அனுப்பும். காஸ்ட் அயர்ன் கடைந்த நாளில் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டபின் வீட்டுக்குப் போங்கள்.

பார்ட்டிங் போடும்போது சேடிலை (கிராஸ் ஸ்லைடைத் தாங்கி லேத்தின் நீளத்தில் ஓடும் பகுதியை) லாக் செய்துவிட்டு, காம்பவுண்ட் (கிராஸ் ஸ்லைடின் மேலுள்ள சிறு ஸ்லைடு) கிப்பையும் பாருங்கள். அதன்பிறகும் அதிர்ந்தால் டூல் சென்டர் உயரத்தையும் ஸ்பிண்டில் பேரிங்கையும் சந்தேகப்படலாம்.