வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம், பிள்ளைகளின் பள்ளி போய்விடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய்விட்டது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது பக்கத்து ஊரில் நண்பர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். எங்கள் பெயரில் கரண்ட் பில்கூடக் கிடையாது. பெரியவள் பத்தாவது, சின்னவன் மூன்றாவது படிக்கிறார்கள். முகவரி மாறியது தெரிந்தால் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவார்களா?

பதில்:

எடுக்க முடியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை நிதானமாகச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. இதே மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்ட (அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) அலுவலகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் குடும்பங்களின் காகிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன.

உங்களுக்குப் பொருந்துவது மெக்கின்னி-வென்டோ சட்டம். ஃபெடரல் சட்டம் என்பதால் எல்லா மாநிலத்துக்கும் பொது. ராத்திரி தங்குவதற்கு நிலையான, போதுமான ஓர் இடம் இல்லாத எந்தப் பிள்ளையும் இதன் கணக்கில் ஹோம்லெஸ்தான். பாலத்துக்கு அடியில் டென்ட் போட்டிருப்பவர்களை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஷெல்டர், வேறு வழியில்லாமல் எடுத்த மோட்டல் ரூம், கார், தெருவோரம் நிறுத்திய ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி), இவற்றோடு வீடு போனதாலோ கையில் பணமில்லாததாலோ இன்னொருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. வருகிறது என்ன, பெரும்பான்மையே அதுதான். 2022-23 கல்வியாண்டில் நாடு முழுக்கப் பள்ளிகள் கண்டறிந்த இப்படிப்பட்ட மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருப்பவர்கள்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்தாலே போதும் என்று அர்த்தமில்லை. செலவு குறையட்டும் என்று அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து பெரிய வீடாக எடுத்து நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஊரிலிருந்து புதிதாக வந்து அபார்ட்மென்ட் கிடைக்கும்வரை நண்பர் வீட்டில் தங்குபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தாது. வீடு எப்படிப் போயிற்று, நண்பர் நாளைக்கே கிளம்பச் சொன்னால் போக இடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்விக்குப் பின்னால் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். 'பழைய முகவரியே பதிவில் இருக்கட்டும், யாரும் கேட்காதவரை வாயைத் திறக்க வேண்டாம்' என்று தோன்றியிருக்கும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அமெரிக்காவில் பள்ளிகளின் பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருவதால், வெளியூர்ப் பிள்ளை வந்து படிப்பதைச் சில மாவட்டங்கள் திருட்டு மாதிரியே பார்க்கின்றன, குழந்தை காலையில் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்கத் தனியார் துப்பறிவாளர்களை வைக்கும் மாவட்டங்கள்கூட உண்டு. 2011-ல் கனெக்டிகட் மாநிலத்தில் நிலையான வீடில்லாத ஒரு தாய், தெரிந்தவர் முகவரியைக் கொடுத்துப் பையனை மழலை வகுப்பில் சேர்த்ததற்காக, 15,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கல்வியைத் திருடியதாகக் கைது செய்யப்பட்டார். வீடில்லை என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் அதே பையனுக்காகவே ஒரு சட்டம் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான், மறைத்தால் மோசடி என்று பேச இடம் கொடுக்கிறீர்கள், சொன்னால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால் சட்டத்தின் பெயரில் இருக்கும் ஸ்டீவர்ட் மெக்கின்னி அதே கனெக்டிகட்டைச் சேர்ந்த குடியரசுக் கட்சி காங்கிரஸ் உறுப்பினர். 1987 மே மாதம் அவர் இறந்துபோனார், ஜூலையில் அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். புரூஸ் வென்டோ மின்னசோட்டாவின் ஜனநாயகக் கட்சிக்காரர், 2000-ல் அவர் இறந்தபிறகு அவர் பெயரையும் சேர்த்தார்கள். முதலில் வந்தபோது கல்விப் பகுதி ரொம்பப் பலவீனமாக இருந்தது, மாநிலங்கள் தங்கள் இருப்பிட விதிகளை மறுபடி பார்க்க வேண்டும் என்ற அளவில்தான். நாம் இப்போது பிடித்துக்கொள்ளும் உரிமைகள் பெரும்பாலும் 1990, 2001, 2015 ஆண்டுகளின் திருத்தங்களில் வந்தவை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பிள்ளைகள் இதுவரை படித்த பள்ளியிலேயே தொடரலாம், அல்லது நண்பர் வீடு இருக்கும் பகுதியின் பள்ளியில் சேரலாம். பழைய பள்ளியில் தொடர்வதே பிள்ளைக்கு நல்லது என்பதுதான் சட்டத்தின் தொடக்க எண்ணம், பெற்றோர் வேண்டாம் என்றால் தவிர. மாவட்டம் வேறு மாதிரி முடிவெடுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணமும் பிள்ளையின் படிப்பு, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், 'எங்களுக்குச் செலவு' என்பது காரணமாகாது. வீடில்லாத காலம் முழுக்கவும், வீடு கிடைத்துவிட்டால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரையும் பழைய பள்ளியில் இருக்கலாம். கலிஃபோர்னியா இதற்கு மேலும் கொஞ்சம் கொடுக்கிறது, உயர்நிலைப் பள்ளி மாணவர் என்றால் நடுவில் வீடு கிடைத்தாலும் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் (டிப்ளமா) வாங்கும்வரை அதே பள்ளி. உங்கள் பெரியவளுக்கு இது பெரிய விஷயம்.

போக்குவரத்தையும் நீங்கள் கேட்டால் மாவட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு ஊர் என்றால் இரண்டு மாவட்டங்களும் செலவைப் பேசி முடிவு செய்ய வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்குப் பாதி. மஞ்சள் பஸ் நண்பர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம், நடைமுறையில் பெரியவளுக்கு பஸ் பாஸ், சின்னவனை நீங்களே காரில் கொண்டுபோய் விட்டால் பெட்ரோல் காசு, சில இடங்களில் ஒப்பந்த வேன், இப்படி ஏதாவதுதான் கிடைக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தினமும் ஒன்றரை மணிநேரம் பயணம் செய்யத்தான் வேண்டுமா என்று நீங்களும் யோசியுங்கள், உரிமை இருப்பதால் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு முடிவாக, பெரியவள் பழைய பள்ளி, சின்னவன் புதுப் பள்ளி என்றும் கேட்கலாம்.

புதுப் பள்ளியை எடுத்தால் உடனடிச் சேர்க்கை. உடனடி என்றால் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது வரை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு அனுப்புவது இல்லை. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பதிவு, தடுப்பூசி அட்டை எதுவும் கையில் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்டு, காகிதங்களைப் பழைய பள்ளியிடமிருந்து அவர்களேதான் வரவழைக்க வேண்டும். தடுப்பூசி விஷயத்தில் கலிஃபோர்னியா கெடுபிடி, சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்கு வாங்கும் வழியை 2015-ல் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள், ஆனாலும் உங்கள் நிலையில் இருக்கும் பிள்ளையை அட்டை வரும்வரை வெளியே நிறுத்தக் கூடாது. பழைய பள்ளியில் நூலகப் புத்தகத்துக்கு அபராத பாக்கி இருந்தால் அதையும் தடையாகக் காட்டக் கூடாது. விசா, குடியேற்ற நிலை எதையும் பள்ளி கேட்கக் கூடாது, அந்த அடிப்படையை 1982-லேயே பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுவிட்டது. விசா பற்றிய கவலையைக் குடியேற்ற வக்கீலிடம் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி அலுவலகத்தில் அதைப் பேசவே வேண்டாம்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று 'லியசான்' (தொடர்பு அலுவலர்) ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மாவட்டத்தின் இணையதளத்தில் மெக்கின்னி-வென்டோ என்று தேடினால் பெயரும் போன் நம்பரும் வரும். பள்ளி வரவேற்பு மேஜையில் இருப்பவரிடம் முழுக் கதையையும் சொல்லி அழ வேண்டாம், பல பேருக்கு இந்தச் சட்டம் சரியாகத் தெரியாது, பில் கொண்டா என்று மறுபடி மறுபடி அதையே கேட்பார்கள். 'மெக்கின்னி-வென்டோ லியசானிடம் பேச வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள், மேஜையின் குரலே மாறுவதைப் பார்ப்பீர்கள். கலிஃபோர்னியாவில் 2021 சட்டப்படி வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பெற்றோரிடமும் எங்கே, எப்படித் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கும் ஒரு படிவம் வரும். நம்மவர்கள் அதைப் படிக்காமலே வாடகை வீடு என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கூச்சம் புரிகிறது, படித்த குடும்பம், நல்ல வேலையில் இருந்தவர்கள், இந்தப் பட்டியலில் பெயர் வருவதா என்று. ஆனால் அந்தப் படிவத்தை வைத்துத்தான் லியசானுக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியவரும், வேறு வழியில் அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் நண்பருக்கு ஒரு பயம் இருக்கலாம். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள், பள்ளிக்குச் சொன்னால் வீட்டு உரிமையாளருக்குப் போய் அவரும் தெருவுக்கு வர வேண்டியிருக்குமோ என்று. நீங்கள் எங்கே எப்படித் தங்கியிருக்கிறீர்கள் என்பது மாணவரின் கல்விப் பதிவின் பகுதி, அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2015 திருத்தமே சொல்கிறது. பள்ளி வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. நண்பரிடமிருந்து கடிதம் வாங்கி வந்தால்தான் ஆச்சு என்று யாராவது சொன்னால் அதையும் லியசானிடம் கொண்டுபோங்கள்.

மறுத்தால்? எழுத்தில் கேளுங்கள். தகராறு தீரும்வரை பிள்ளை நீங்கள் கேட்ட பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், மேல்முறையீடு முடியட்டும் அப்புறம் வா என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விதியால்தான் பாதி மறுப்புகள் எழுத்து என்று கேட்டவுடனே மறைந்துவிடுகின்றன என்பது என் கணிப்பு.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கியும் வையுங்கள். இந்தச் சட்டத்தின் கல்விப் பகுதி உங்களுக்கு வீடு தராது. வீட்டுவசதித் துறை வேறு வரையறை வைத்திருக்கிறது, அதில் நண்பர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் பெரும்பாலும் சேர மாட்டார்கள், பள்ளி உங்களை ஹோம்லெஸ் என்று ஒத்துக்கொள்ளும், வீட்டு உதவி அலுவலகம் இல்லை என்று சொல்லும். எனக்கு இது அபத்தமாகத்தான் படுகிறது. பணமும் குறைவு. ஃபெடரல் ஒதுக்கீடு ஆண்டுக்கு 12.9 கோடி டாலர் அளவில் இருக்கிறது, கண்டறிந்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு நூறு டாலர்கூடத் தேறாது, அதிலும் எல்லா மாவட்டத்துக்கும் அந்தப் பணம் போவதில்லை. பல ஊர்களில் லியசான் என்பவர் வேறு இரண்டு மூன்று பொறுப்புகளோடு இதையும் பார்ப்பவர், அதனால் போனில் பேசியதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள், தொந்தரவு செய்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

படிப்பவர்களில் வேறு நிலையில் இருப்பவர்களும் இருக்கலாம் என்பதால் ஒன்று. வீட்டில் சண்டை, வெளியே அனுப்பிவிட்டார்கள், நண்பன் வீட்டு சோஃபாவில் படுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன் என்ற பையனோ பெண்ணோ இருந்தால் பெற்றோர் கையெழுத்து இல்லாமலே பள்ளியில் சேர முடியும். கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்திலும் பெற்றோரின் வருமானத்தைக் காட்டாமல் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம், 2007-ல் வந்த திருத்தம் அது. லியசான் எழுதித் தரும் ஒரு கடிதம் போதும். ஃபெடரல் உதவித்தொகைக்குக் குடியுரிமை, கிரீன் கார்டு போன்ற நிபந்தனைகள் தனியாக உண்டு.

கடைசியாகப் பெரியவளைப் பற்றி. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது வருடத்தை, அதாவது பத்தாம் வகுப்பை, முடித்தபின் பள்ளி மாறினால், புது மாவட்டம் தானாகச் சேர்த்து வைத்திருக்கும் கூடுதல் பாடங்களை விட்டுவிட்டு மாநிலத்தின் குறைந்தபட்சத் தேவையை மட்டும் முடித்துப் பட்டம் வாங்கலாம் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சலுகை இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், பள்ளியில் படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலரும் நல்ல எண்ணத்தில்தான் நீட்டுவார். ஆனால் மாநிலக் குறைந்தபட்சம் வேறு, மாநில அரசின் பல்கலைக்கழகங்களான யூசி, கால் ஸ்டேட் சேர்க்கைக்குக் கேட்கும், ஏ-ஜி எனப்படும் பாடப் பட்டியல் வேறு. கணக்கிலும் ஆய்வக அறிவியலிலும் அயல்மொழியிலும் வருடம் குறைந்துபோனால் பட்டம் கையில் இருக்கும், விண்ணப்பிக்க முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளுடைய டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவை) ஏ-ஜி பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பாடமாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவளைப் பழைய பள்ளியிலேயே விடுங்கள், இந்தக் கணக்கே வராது.