டிரான்ஸ்போஸ் பட்டனை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகன் பிளஸ் ஒன். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறான், இனி இசைதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். "கோயில்ல வாசிக்கிறது சோறு போடுமா?" என்கிறீர்கள். அது மட்டும் போடாது. பல சபைகளில் அது சம்பளமில்லாத ஊழியம். ஏதாவது கொடுக்கிற இடத்திலும் ஆட்டோ செலவுக்குத்தான் சரியாக இருக்கும். ஆனால் அங்கே அவன் பெறும் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நடுவில் போதகர் "மூன்றாம் சரணத்தை விட்டுவிடுவோம்" என்பார். பின்வரிசை பாட்டை இழுத்துக்கொண்டே போகும். இரண்டையும் பாட்டு நிற்காமல் சமாளிப்பவன் வாசிக்கிற பையன்தான். பாமாலை, அதாவது மேற்கத்திய மெட்டில் பாடும் தமிழ் ஞானப்பாட்டு என்றால் நான்கு குரல் ஹார்மனி. அடுத்ததே வேதநாயக சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனை என்றால் ராகம், தாளம். ஒரே காலையில் இரண்டும் பழகிய கைக்குப் பள்ளியிலும் ஸ்டுடியோவிலும் மதிப்பு உண்டு.

சரி, இன்று ஒரு சோதனை செய்யுங்கள். அவனுக்குத் தெரியாத பாமாலை ஒன்றை ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பில் எடுத்து வையுங்கள், ஈ ஃபிளாட் சுருதியில் இருந்தால் நல்லது. சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடக்கூடாது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கேதான் திணறுகிறார்கள். எல்லாவற்றையும் சி மேஜரில் வாசித்துவிட்டு, சுருதியைப் பட்டன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிற பழக்கம். காது நன்றாக இருக்கும், கண் படிக்காது. அவனும் திணறினால் பயப்படாதீர்கள், முதல் வேலை எது என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் கிரேடு தேர்வு. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற இரண்டு லண்டன் அமைப்புகள் படிப்படியாக எட்டாம் கிரேடு வரை நடத்தும் இசைத் தேர்வு இது. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு வாசிப்புக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருப்பதுதான் வழக்கமான பாதை. டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. நான் டிரினிட்டி பிள்ளைகளையும் தியரி எழுதச் சொல்வேன். எட்டாம் கிரேடுக்கு மேல் டிரினிட்டியின் ஏடிசிஎல், எல்டிசிஎல் டிப்ளமோக்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் வேலைக்குக் கல்லூரிப் பட்டம் கேட்பார்கள், அந்த இடத்தில் டிப்ளமோவை மட்டும் நீட்ட முடியாது. அதனால் ஒரு டிகிரி, கூடவே கிரேடு. இசையே டிகிரியாக வேண்டுமென்றால் சென்னையிலேயே இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சிக்கு அனுப்பத் தயார் என்றால் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியையும் விசாரியுங்கள்.

இன்னொன்று. எழும்பூர் கிர்க்கில், அதாவது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் குழாய் ஆர்கன் இருக்கிறது. அனுமதி கேட்டு, பக்கத்தில் நின்று பார்க்க வையுங்கள். கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி குறையாது, விரலை எடுத்தால் அறுந்துவிடும். கீபோர்டில் ஒலியை நீட்டித்துத் தரும் சஸ்டெயின் பெடல் மறைக்கிற தவறெல்லாம் அங்கே வெளியே வரும். இரண்டு காலும் தனியாக பாஸ் வாசிக்க வேண்டும். இதை முறையாகக் கற்றவர்கள் நகரத்தில் குறைவு.

அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டி வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, அந்த ஈ ஃபிளாட் பாமாலையைப் போனில் பதிவு செய்து கொண்டு வரட்டும். தப்பாக வாசித்திருந்தாலும் அழிக்க வேண்டாம்.