சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ஆலோசனை அறை: மகளின் விருப்பம் கேட்டுத் தயங்கும் ஒரு தாயாருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு மனநல ஆலோசகராகப் படிக்கப் போகிறேன் என்கிறார், பிறகு நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டிலேயே சொந்தமாக அறை வைக்கப் போகிறேன் என்றும் சொல்கிறார். தோட்டத்து ஜனங்கள் காசு கொடுத்து மனக்குறை சொல்ல வருவார்களா, இதை நம்பிக் குடும்பம் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். ஆனால் பட்டம் வாங்கிய மறுமாதமே பலகை மாட்டினால் நடக்காது. படிப்புக்கு நான்கு ஆண்டு, சம்பள வேலையில் மூன்று நான்கு ஆண்டு, பகுதி நேரமாகத் தொடங்கி ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு என்று எட்டிலிருந்து பத்து ஆண்டுக் கணக்கு இது. அதை மகளும் நீங்களும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலில் பாடப்பிரிவு. பல குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். உளவியல் பட்டமும் ஆலோசனைப் பட்டமும் ஒன்றல்ல. விளம்பரத்தில் உளவியல் என்ற பெயரைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, மூன்று ஆண்டுக் கட்டணமும் கட்டி முடித்த பிறகுதான், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து ஆலோசகராகப் பதிய முடியாது என்று தெரியவருகிறது. பிறகு ஆலோசனையில் முதுகலை படிக்க வேண்டும், பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் ஏறும். நேராக ஆலோசனை இளங்கலையில் சேர்வதே சுருக்கமான வழி. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தத் துறை உண்டு. எங்கே சேர்ந்தாலும், அந்தக் குறிப்பிட்ட படிப்பை மலேசிய ஆலோசகர் வாரியம், அதாவது லெம்பாகா கவுன்சலர், ஏற்றுக்கொள்கிறதா என்று யு.பி.யு. (பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்துக்கு முன்பே வாரியத்திடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கல்லூரி முகவர் வாயால் சொல்வது போதாது.

மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டும் என்றால் அது வேறு பாதை. உளவியலில் இளங்கலை, அதற்கு மேல் மருத்துவ உளவியலில் முதுகலை. அவர்கள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருகிறார்கள். மகள் சொல்வது ஆலோசகர் பாதை என்பதால் இனி அதைப் பற்றியே பேசுகிறேன்.

அந்தப் பாதையை ஆள்வது 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டம் (சட்டம் 580). பட்டம் பெற்றதும் வாரியத்தில் பதிய வேண்டும். அதன் பின் தொழில் செய்வதற்கான சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். முன்னது மட்டும் கையில் இருந்தால் போதாது. இரண்டாவது சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பது சட்ட மீறல். இந்தப் பதிவினால் வாடிக்கையாளருக்கும் பயன் உண்டு. பதிவுபெற்ற ஆலோசகரிடம் மனநல ஆலோசனைக்குக் கட்டிய தொகையில் ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். அதனால் ரசீதில் மகளின் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். ஆசிரியர்கள், நர்ஸ்கள், வங்கி ஊழியர்கள் இதைப் பார்த்துத்தான் பணம் கட்டுவார்கள்.

படித்து முடித்ததும் முதலில் சம்பள வேலை. பள்ளி ஆலோசக ஆசிரியர், அரசாங்க உளவியல் அதிகாரி, தனியார் மருத்துவமனை, கல்லூரி மாணவர் நலப் பிரிவு, எதுவாக இருந்தாலும் சரி. அந்த ஆண்டுகளில்தான் எத்தனை விதமான துயரம் உண்டு, எது தன் கைக்கு மீறியது என்பதெல்லாம் பழக்கப்படும். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு மாலையில் சொந்தமாக ஆட்களைப் பார்க்க நினைத்தால், இலாகாத் தலைவரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது.

இனிப் பணக் கணக்கு. உங்கள் கவலை இதில்தான் இருக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். மகள் தொடங்கும் காலத்து வாடகையையும் விலையையும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைவரிசை மாடியில் ஓர் அறைக்கு மாதம் 500 ரிங்கிட், மின்சாரம் தண்ணீர் இணையம் தொலைபேசிக்கு 250, மூத்த ஆலோசகரிடம் மாதம் இருமுறை மேற்பார்வை பெற 300, தொழில் காப்பீடு உரிமம் பயிற்சி எல்லாவற்றையும் பன்னிரண்டாகப் பிரித்தால் 200, துப்புரவு சில்லறைச் செலவுக்கு 150. ஆக 1,400. மகளின் சம்பளமாக 3,000 எடுத்தால், மாதம் 4,400 வந்தாக வேண்டும்.

அடுத்து, யார் எவ்வளவு கொடுக்க முடியும்? குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. 26 நாள் வேலை என்று பிரித்தால் நாளுக்கு 65 ரிங்கிட். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 90 ரிங்கிட் என்றால் பால்மரத்திலோ செம்பனையிலோ வேலை செய்பவருக்கு ஒரு நாள் உழைப்பும் அதற்கு மேலும் போய்விடும். அவரை விட்டுவிடவும் முடியாது, எல்லாரிடமும் 50 வாங்கினால் அறையை நடத்தவும் முடியாது. மாதம் 60 அமர்வில் 40க்கு முழுக்கட்டணம் 90, 20க்குக் குறைந்த கட்டணம் 50 என்று வைத்தால் 3,600உம் 1,000உம் சேர்ந்து 4,600 வரும். இருநூறு மிஞ்சும். சலுகை இடங்கள் இருபது என்று எண்ணிக்கையாகவே முடிவு செய்துவிட வேண்டும். நிறைந்துவிட்டால் அடுத்தவர் காத்திருப்புப் பட்டியலில். ஒவ்வொருவர் கதையையும் கேட்டுக் கேட்டுக் குறைத்தால், மூன்றாம் மாதம் வாடகை நிற்கும்.

அறுபது அமர்வு கிடைக்க அறுபது பேரைப் பதிந்தால் போதாது. மழை, பஸ் வராதது, ஷிப்ட் மாறியது, கடைசி நிமிடத்தில் பயம் வந்தது என்று சிலர் வரமாட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தவறுவார்கள் என்று வைத்தால் மாதம் எழுபது, வாரம் 17 அல்லது 18 பதிவு வேண்டும். முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டல் அனுப்புவதும், 24 மணி நேரத்துக்குள் ரத்துச் செய்தால் பாதிக் கட்டணம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவதும் இதைக் குறைக்கும். ஒரு நாளில் ஐந்து பேருக்கு மேல் பார்க்க வேண்டாம். ஆறாவது ஆள் சொல்வது காதில் விழும், மனத்தில் ஏறாது.

அந்தப் பதினெட்டுப் பேரும் சுங்கை சிப்புட்டிலிருந்தே வரமாட்டார்கள். ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் சிலர் வருவார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தமிழில் பேச ஆள் தேடி இணையவழியில் வருவார்கள். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பேச்சு, தொழிற்சாலை ஊழியர்களுக்கு மாதாந்திர ஒப்பந்தம் ஆகியவை நிலையான வருமானம். தோட்டத்து மக்களுக்கு மாலை நான்கு மணிக்குப் பிறகும் ஞாயிறு காலையும்தான் வசதி. திங்கள் காலை பத்து மணிக்கு அறையைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

பணத்தை விடவும் இந்த ஊரில் அறையைக் காப்பாற்றுவது ரகசியம். மோட்டார் சைக்கிளின் எண்ணைப் பார்த்தே யாருடையது என்று சொல்லக்கூடிய ஊர் இது. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதற்குப் பயந்து எத்தனையோ பேர் வேண்டிய உதவியைத் தேடாமலே இருக்கிறார்கள். ஆகவே அறையைத் தேர்ந்தெடுக்கும்போது பல் மருத்துவர், டியூஷன் நிலையம், கணக்காளர் அலுவலகம் எல்லாம் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் மாடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். படியேறுபவர் எங்கே போகிறார் என்று கீழே சாப்பாட்டுக் கடையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. பெயர்ப்பலகையில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும்; ஊராட்சி உரிமம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்க வேண்டும்.

உள்ளே சத்தம் கசிவதுதான் பெரும்பாலான சிறு அறைகளின் குறை. தடுப்புச் சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிட்டால் பேச்சு மேலே ஏறிப் பக்கத்து அறையில் இறங்கும். சுவர் மேல்தளம் வரை போக வேண்டும்; இரு பக்கமும் இரட்டை ஜிப்சம் பலகை, நடுவே ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சு, கதவின் அடியில் ரப்பர் பட்டை. காத்திருக்கும் இடத்தில் ஒரு மின்விசிறி ஓடட்டும். முடிந்ததும் ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் பேச, இன்னொருவர் வெளியே நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். சொற்கள் புரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை. 50 நிமிட அமர்வுக்குப் பிறகு அரை மணி இடைவெளி விட்டால் வெளியேறுபவரும் வருபவரும் படியில் சந்திக்கமாட்டார்கள்.

சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், மகள் படித்த தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் ஆகியோரை மகள் பார்க்கக் கூடாது. ஈப்போவில் உள்ள வேறு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதிர்ப்பட்டால் அவர்கள் பேசினால் மட்டுமே தானும் பேசுவேன் என்று முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். தொழிலுக்குத் தனி எண். வாட்ஸ்அப்பில் நேரம் குறிப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. குறிப்பேடுகளில் பெயருக்குப் பதில் எண், பூட்டிய அலமாரி. உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுண்ணுணர்வுத் தரவாக வகுத்திருக்கிறது. அதனால் தமிழிலும் மலாயிலும் ஒப்புதல் படிவம் வேண்டும். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு அம்மா. கோவிலில் யாராவது, "உங்க மககிட்ட யாரெல்லாம் வர்றாங்க?" என்று கேட்டால் உங்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். வீட்டில் மகளிடம் கேட்காதீர்கள்.

ஆனால் எல்லா ரகசியமும் ரகசியமல்ல என்பதை மகள் வருபவரிடம் முன்பே விளக்க வேண்டும். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவதைத் தெரிந்தும் புகார் செய்யாதது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (சட்டம் 792) குற்றம்; 5,000 ரிங்கிட் வரை அபராதம். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வரும் பெண்ணுக்கு ஆறுதல் மட்டும் போதாது. சமூக நல இலாகா கொடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை ஏழு நாள் செல்லும் என்பதும், அதை எங்கே கேட்பது என்பதும் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாக நினைப்பவரிடம் அதை நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. வீட்டிலுள்ள களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தக் குடும்பத்தை ஈடுபடுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது உயிர் காக்கும். நெருக்கடியில் அழைக்க ஹீல் 15555, தாலியான் காசே 15999 ஆகிய உதவித் தொலைபேசி எண்கள் முதல் நாளே கையில் கொடுக்கும் தாளில் இருக்கட்டும்.

காதில் குரல் கேட்கிறது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வருபவரைப் பேச்சால் மட்டும் குணப்படுத்த ஆலோசகரால் முடியாது. பூசாரியிடம் போனதைக் கேலி செய்யாமல், மனநல மருத்துவரிடமும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆகவே அறை திறக்கும் முன்பே சுங்கை சிப்புட் மருத்துவமனை, சுகாதாரக் கிளினிக், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவு, ஊரில் உள்ள தனியார் கிளினிக் டாக்டர்கள் ஆகியோரை நேரில் பார்த்து, யாரை எப்படி அனுப்புவது என்று பேசி வைக்க வேண்டும். மகளிடம் ஒருவரை அனுப்பிய டாக்டருக்கு, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு, இரண்டு வரியில் நன்றிக் கடிதம் எழுதினால் அவர் மேலும் ஆட்களை அனுப்புவார். முகநூல் விளம்பரத்தைவிட இதுவே ஊரில் நிற்கும்.

காகித வேலை அதிகமில்லை. எஸ்.எஸ்.எம்.மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், தொழிலைச் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். வருமான வரிக்கு, தொழில் செய்பவர்களுக்கான பாரம் பி என்ற படிவம், ஜூன் 30க்குள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும் முதலாளி இல்லாததால் இ.பி.எஃப். சேமநிதியில் தானாகவே மாதம் ஒரு தொகை போட வேண்டும். அதன் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது.

வேலையை எப்போது விடலாம்? முதலில் வாரம் இரண்டு மாலை, ஒரு ஞாயிறு காலை என்று மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த அறையில் நடக்கட்டும். அந்த நேரத்திலேயே தொடர்ந்து ஆறு மாதம் வாரம் எட்டுப் பேருக்குக் குறையாமல் வந்து, காத்திருப்புப் பட்டியலும் உருவாகி, ஆறு மாதச் செலவான 26,400 ரிங்கிட் வங்கியில் தனியாகக் கிடந்தால், அப்போது ராஜினாமாக் கடிதம் எழுதலாம். தெக்கூன் என்ற அரசாங்கச் சிறுதொழில் கடன் நிறுவனம் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்குக் கிடைக்கும் ஸ்புமி கடனையும் அதற்கு முன் எடுக்க வேண்டாம். ஆட்கள் வருவது உறுதியான பிறகு அறையைச் சீர்செய்யவும் சுவர் எழுப்பவும் அது உதவும்.