பழைய லாரி எஞ்சினுக்குப் புது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் முதல் 20 நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில்) விடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

அப்படி ஐடிலில் விட்டு ஒரு கேம் ஷாஃப்ட்டை இரும்புக் கடைக்கு எடை போட்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

சென்னை மாதவரத்தில் எங்களுக்கு ஒரு தண்ணி லாரி உண்டு. அப்பா காலத்து டாடா 1210. உள்ளே 697 எஞ்சின். ஆறு சிலிண்டர், 5,675 சிசி. பென்ஸ் வம்சம். டெய்ம்லர் பென்ஸோடு 1954-ல் ஆரம்பித்த கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது, ஆனாலும் எங்கள் ஸ்டாண்டில் பெரிசுகள் இன்னும் அதை "பென்ஸ் வண்டி" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மாதிரி எஞ்சினில் கேம் ஷாஃப்ட் தலையில் இல்லை, பிளாக்குக்குள் கீழே இருக்கிறது. கேமின் லோப் (தண்டில் துருத்தும் மேடு) அதன் மேல் உட்காரும் டாப்பெட் என்ற உருளையைத் தூக்கும், டாப்பெட் புஷ் ராட் என்ற நீளக் கம்பியைத் தூக்கும், அது ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கும். லோபுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவில் ரோலர் கிடையாது. இரும்பின் மேல் இரும்பு வழுக்கிக்கொண்டு போகிறது. வால்வு ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் நகத்தின் விளிம்பு அகலம்கூட இல்லாத ஒரு கோட்டில் வந்து உட்காரும்.

முதல் தடவை போட்டபோது என்ன செய்தோம் என்றால், எல்லாமே தப்பு. கேம் மட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினேன். டாப்பெட் 12-ம் "நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே போட்டோம். லோபுக்குச் சாதா கிரீஸ். டீசல் லைனில் சரியாக ஏர் எடுக்கவில்லை, பாட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்தோம். ஒரு வழியாகப் பிடித்ததும் அம்மா கற்பூரம் ஏற்றினாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், பூசணி சுற்றினோம், போட்டோ எடுத்தோம். அவ்வளவு நேரமும் வண்டி ஐடிலில் கொட கொட என்று நின்றது. சாமி மேல் குற்றமில்லை.

மூன்று மாதம் கழித்து டிரைவர் வந்து, "அண்ணே, தட்டுது. பாலம் ஏறச் சொன்னா அழுவுது" என்றான். ஐந்தாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கூடியிருந்தது. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரி செய்தோம். அடுத்த வாரம் மறுபடி கூடியிருந்தது. மறுபடி செட்டிங். அதற்கடுத்த வாரமும் அதே கதை. ஒரே வால்வின் இடைவெளி வைக்க வைக்கத் திறந்துகொண்டே போனால் ஸ்க்ரூவைக் குறை சொல்லிப் பயனில்லை, கீழே டாப்பெட்டும் லோபும் கரைகின்றன என்று அர்த்தம். எஞ்சினை இறக்கிப் பார்த்தபோது அந்த டாப்பெட்டின் அடி, குங்குமச் சிமிழின் உட்பக்கம் மாதிரிக் குழிந்து, ஓரமெல்லாம் பொரிந்துபோய் இருந்தது. லோபின் மூக்கு மழுங்கிவிட்டது. டயல் கேஜ் வைத்ததில் பக்கத்து லோபைவிட ஒன்றரை மில்லி குறைவாகத் தூக்கியது.

ஏன் இப்படி ஆகிறது? டாப்பெட் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. சில எஞ்சினில் லோபை மயிரிழை சரிவாகவும், டாப்பெட்டின் அடியைத் துளி குவிவாகவும் கடைந்திருப்பார்கள். சிலவற்றில் டாப்பெட்டின் நடுவை லோபின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார்கள். சுற்றினால் தேய்மானம் ஒரே கோட்டில் விழாது. பழைய டாப்பெட்டோ பழைய லோபோடு தேய்ந்து அதன் வடிவத்துக்கு வந்துவிட்ட ஜோடி. அதைப் புது லோபின் மேல் வைத்தால் சுற்றாமல் நின்றுவிடும். நின்றால் அரம் போட்ட மாதிரி அரித்துவிடும். அதனால்தான் புது கேமுக்குப் புது டாப்பெட் என்பது கட்டாயம். பழைய கேமையே திரும்பப் போடுவதானால் பழைய டாப்பெட் போடலாம், ஆனால் அது அது இருந்த குழியிலேயே போக வேண்டும். எங்கள் மெக்கானிக் பாய் இதற்கு முட்டை அட்டையில் சாக்பீஸால் நம்பர் போட்டு அடுக்குவார். வாஷிங் டப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய பையனுக்கு அன்று கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது.

இனி ஐடில் விஷயம். கேம், கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் முதன்மைத் தண்டின்) பாதி வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடில் என்றால் கேம் 300. இந்த வகை எஞ்சின் பலவற்றில் லோபுக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் வாரி அடிக்கும் தெறிப்பில்தான். மெதுவாகச் சுற்றினால் தெறிப்பும் கம்மி, நடுவில் நிற்கும் ஆயில் படலமும் மெல்லிசு. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. வேகம் கூடினால் லோபின் உச்சியில் அழுத்தம் குறையும். மேலே எறியப்பட்ட டாப்பெட்டும் புஷ் ராடும் அந்த வேகத்திலேயே மேலே போகப் பார்க்கும், அவற்றைத் தடுத்துத் திருப்புவதில் ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஐடிலில் அந்தச் சலுகை இல்லை, முழு ஸ்பிரிங் பாரமும் புது லோபின் மூக்கில்தான். புது முகங்கள் ஒன்றையொன்று வழவழப்பாக்கிக்கொள்ளும் அந்த முதல் நிமிடங்களில் ஆயில் கம்மி, பாரம் அதிகம் என்றால் பிழைக்குமா?

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் பாய் கையில் விட்டுவிட்டேன். அவருடைய ஒரே கொள்கை: "தம்பி, செல்ஃப் தொட்டா மொதல் அடியில புடிக்கணும். அதுக்கு அப்புறம் எறங்கவே கூடாது."

கருப்பு மாலி பேஸ்ட்டை (மாலிப்டினம் கலந்த மசகு) லோபிலும் டாப்பெட்டின் அடியிலும் விரலால் பூசினார். டாப்பெட்டின் பக்கவாட்டில் ஆயில் மட்டும்; அங்கே பேஸ்ட் அப்பினால் சுற்றுவது தடைபடும் என்றார். கேமையும் கிராங்க்கையும் இணைக்கும் டைமிங் கியரின் புள்ளிகளைச் சேர்த்தபின் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், நாளைக்குச் சண்டை வரக் கூடாதாம். ஆயில் ஃபில்டரை நிரப்பிப் பொருத்தினார். பிரஷர் கேஜ் பைப்பைக் கழற்றி அந்த வழியாகக் கைப்பம்பில் ஆயில் ஏற்ற, பையன் பார் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். ராக்கரில் ஆயில் கசிந்த பிறகுதான் நிறுத்தினார்கள். ஒவ்வொரு புஷ் ராடிலும் வெள்ளை பெயிண்டில் ஒரு பொட்டு. கையால் சுற்றும்போதே அந்தப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறதா என்று பார்த்தோம். ஒன்று திரும்பவில்லை. டாப்பெட்டை எடுத்துக் குழியைத் துடைத்தால், உள்ளே கேஸ்கெட் சுரண்டிய ஒரு துணுக்கு. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தப் பதிலில் மூன்றாவது கேமின் கதையும் இருந்திருக்கும்.

எஞ்சினை வண்டியில் ஏற்றி, ரேடியேட்டர் நிரப்பி, டீசலில் கடைசிக் குமிழி வரை ஏர் எடுத்து முடிக்கும்போது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அம்மா விடவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குச் செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. பாய் ஜும்மாவுக்குப் போக வேண்டும், என்னிடம் ஒரு கண், கடிகாரத்தில் ஒரு கண். வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் கிராங்க் புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி லேசர் டேக்கோ மீட்டரில் பார்த்தோம். 1500-க்கும் 2000-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, ஒரே இடத்தில் நிறுத்தாமல், முழுசாக 20 நிமிடம். எதிர் டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. நடுவில் ஆயில் லீக், பிரஷர் இறக்கம் என்று எதைக் கண்டாலும் ஐடிலுக்கு இறக்கிக் குனிந்து பார்க்காதீர்கள். எஞ்சினையே நிறுத்துங்கள், சரி செய்யுங்கள், திரும்பக் கிளப்பி மீதி நிமிடங்களை முடியுங்கள். கற்பூரம் அதற்குப் பிறகுதான் ஏற்றினோம்.

உங்களுக்கு பிஸ்டன் ரிங்கும் புதிது என்றால் ஒரு எச்சரிக்கை. 20 நிமிடத்துக்கு மேல் சும்மா நிறுத்தி ஓட்டாதீர்கள். பாரம் இல்லாமல் ஓடினால் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைச் சுவர்) கண்ணாடி மாதிரியாகி ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும். நாங்கள் பாதி டேங்க் தண்ணீரோடு அன்று சாயங்காலமே மூலக்கடை பாலம் ஏற்றி இறக்கினோம்.

ஆயில் பற்றியும் கேட்பீர்கள். லோபைக் காப்பாற்றுவது ஆயிலில் உள்ள இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். கார் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் 2004-ல் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கு எஸ்.எம். என்ற தரம் வந்தபோது, மெல்லிசான கார் ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆகவே கடையில் "புது மாடல், காஸ்ட்லி" என்று நீட்டும் பெட்ரோல் கார் ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். சி.ஐ-4 என்ற தரத்தில், 15 டபிள்யூ 40 கெட்டியில் டீசல் எஞ்சின் ஆயில் போதும், விலையும் குறைவு.

அந்த 20 நிமிடம் முடிந்த சூட்டிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டோம். வடிந்த ஆயில் மாலி பேஸ்ட்டால் சாம்பல் கருப்பாக இருந்தது, அதில் பயமில்லை. பாய் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெயிலில் விரித்து, காந்தத்தால் தடவிப் பார்த்தார். மாவு மாதிரி ஒட்டினால் சரி, ஊசி ஊசியாக ஒட்டினால் மறுபடி இறக்க வேண்டியதுதான். மாவுதான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மூடியைத் திறந்து ஃபில்லர் கேஜ் வைத்தோம். ஐந்தாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வைத்த அளவிலேயே இருந்தது.